வாரநாள், பதினொன்றேகால் மணி: லஃபயெட்டில் மலிவாகச் சாப்பிடுவது எப்படி

வீட்டுக்கு யார் வந்தாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் வெளியே கூட்டிப் போகமாட்டேன். மதியம் பதினொன்றேகாலுக்கே எல்லாரையும் கிளப்பிவிடுவேன். அமெரிக்காவின் தெற்கு லூசியானாவில், நாங்கள் இருக்கும் இந்த லஃபயெட்டில், இந்தப் பக்கத்துக் கேஜன், கிரியோல் சமையலை நியாயமான விலைக்கு ருசியாகச் சாப்பிட வேண்டுமென்றால் அது மதியம்தான், அதுவும் வாரநாளில். ராத்திரியானால் சுவரில் முதலைத் தலை மாட்டிய ஹோட்டல்கள் திறந்திருக்கும். பாட்டு இருக்கும், விளக்கு இருக்கும், பில் இரண்டு மடங்கு இருக்கும். மதியம் அண்டாவில் வெந்த ருசி மட்டும் இருக்காது.

இங்கே அதற்குப் பெயர் பிளேட் லஞ்ச். ஒரு இறைச்சி, ஒரு குவியல் சோறு, அதன் மேல் கிரேவி, இரண்டு பக்கக் கறி, ஒரு துண்டு ரொட்டி. எண்ணெய்க் கம்பெனி ஆட்கள், மெக்கானிக்குகள், வக்கீல்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். 12-லிருந்து 15 டாலருக்குள் வயிறு நிறைந்துவிடும். பல கடைகள் காலை பத்தரைக்குத் திறந்து இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திவிடும். நல்ல அயிட்டம் பன்னிரண்டரைக்கே தீர்ந்துபோகும். பதினொன்றேகால் கணக்கு அதனால்தான்.

முதலில் பார்க்க வேண்டியது மெனு கார்டை அல்ல, பலகையை. மலிவான கடையில் அன்றன்றைக்கு நாலைந்து சமையல்தான் நடக்கும். எந்தக் கிழமைக்கு எது என்று பலகையில் எழுதியிருப்பார்கள். அச்சடித்த மெனு ஒன்றும் கூடவே இருக்கும். அதில் பர்கர், பொரித்த இறால், சிக்கன் துண்டு என்று வருஷம் முழுக்கக் கிடைப்பதெல்லாம் இருக்கும். அதைத் திறக்கவே வேண்டாம். பலகையில் உள்ளது விடியற்காலையில் அடுப்பில் ஏறியது. மெனுவில் உள்ளது நீங்கள் கேட்டபிறகு ஃப்ரீஸரிலிருந்து இறங்குவது.

திங்கட்கிழமை என்றால் ரெட் பீன்ஸ் சோறு. இது நியூ ஆர்லியன்ஸ் வழக்கம், மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. முன்பெல்லாம் திங்கள் துணி துவைக்கும் நாள். ஞாயிறு விருந்தில் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பைப் போட்டு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டால், துவைத்து முடிப்பதற்குள் அது தானாகக் குழைந்துவிடும். நியூ ஆர்லியன்ஸ்காரரான ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கடிதம் எழுதினால் கடைசியில் 'ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்' என்று கையெழுத்துப் போடுவார். வெள்ளிக்கிழமை மீனும் இறாலும். கத்தோலிக்க ஊர் இது. தவக்காலத்தில் வெள்ளிதோறும் இறைச்சி கிடையாது என்பதால், பிப்ரவரி மார்ச்சில் வெள்ளி மதியம் வரிசை தெருவுக்கு வந்துவிடும். பொரித்த கெளுத்தி, கிராஃபிஷ் (நன்னீரில் வளரும் குட்டி லாப்ஸ்டர் மாதிரி) போட்டுச் செய்து சோற்றின் மேல் ஊற்றும் எட்டுஃபே, கடல் உணவு போட்ட கம்போ என்ற சூப் என்று அன்றைக்கு அடுக்களை முழுக்க நீர்வாழ் சமாசாரம்தான். கடல் உணவுப் பிரியர்கள் வெள்ளியில் போங்கள். மற்ற கிழமைகளில் கடைக்குக் கடை மாறும். முதல்நாளே போன் போட்டு "நாளைக்கு என்ன?" என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகள், கரண்டியோடு ஒரு அம்மா. உங்கள் முறை வந்ததும் சட்சட்டென்று கேட்பார். எந்த இறைச்சி, சோற்றில் கிரேவியா, பக்கத்துக்கு என்ன இரண்டு, இங்கேயா பார்சலா. யோசித்து நின்றால் யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேரின் பசி நிற்கும். என்ன எடுப்பதென்று தெரியாவிட்டால் முன்னால் நிற்பவரைக் கேளுங்கள். தான் எடுக்கப்போவது, போன வாரம் எடுத்தது, தன் பாட்டி அதை எப்படிச் செய்வாள் என்பதுவரை சொல்லிவிடுவார்.

என் மாமியார் வந்திருந்தபோது கரண்டி அம்மா கேட்டார்: "வாட் யூ ஹேவிங், பேபி?" அத்தைக்கு எழுபதை ஒட்டிய வயது. மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "ஏம்மா, என்னை எதுக்கு பேபிங்கறா?" இங்கே எல்லாரும் பேபிதான், இல்லாவிட்டால் டார்லிங், கொஞ்சம் பழைய ஆட்கள் என்றால் 'ஷா', அதாவது பிரெஞ்சில் அன்பே. பதிலுக்கு 'மேம்', 'சார்' போட்டுப் பேசினால் கரண்டி கொஞ்சம் தாராளமாகவே இறங்கும்.

அந்தச் சோறும் கிரேவியும்தான் இந்த ஊர்ச் சமையலின் உயிர். வெளியூர்க்காரர்கள் கம்போவைத் தேடுகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் ரைஸ் அண்ட் கிரேவியைத் தேடுகிறார்கள். கனத்த இரும்புச் சட்டியில் பன்றித் துண்டையோ மாட்டுத் துண்டையோ போட்டு, அடியில் கறுத்துப் பிடிக்கும் வரை வறுப்பார்கள். பிடிக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் வித்தை. கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அடியைச் சுரண்டி, மறுபடி வற்றவிட்டு, மறுபடி பிடிக்கவிட்டு, இப்படிச் சிலமுறை. பிறகு வெங்காயம், குடைமிளகாய், செலரி. இந்த மூன்றையும் சேர்த்துப் பரிசுத்த மும்மை என்பார்கள். மூடி போட்டுச் சிறுதீயில் மணிக்கணக்கில் விட்டால், மாவே போடாமல் பழுப்பாக ஒரு சாறு இறங்கும். கரண்டி அம்மா சோற்றை உருண்டையாகத் தட்டில் கவிழ்த்து, கரண்டியின் அடியால் நடுவில் ஒரு குழி போட்டு, அதில் அந்தச் சாற்றை விடுவார். குழி நிரம்பி ஓரத்தில் வழிந்து பக்கத்திலிருக்கும் கீரையைத் தொட்டதும் நிறுத்துவார். "கொஞ்சம் கூட" என்று கேட்டால் கூட ஒரு கரண்டி கொசுறு உண்டு, அதற்குக் காசு வாங்கமாட்டார்கள்.

லஃபயெட்டில் ஒரு கடைப் பெயர் சொல்லு என்றால் லாராஸ் டூ என்பேன். கிரியோல் குடும்பம் நடத்துவது. பூண்டும் மிளகாயும் திணித்து வேகவைத்த வான்கோழி இறக்கைதான் அங்கே பிரசித்தம். மாடும் பன்றியும் வேண்டாம் என்பவர்களுக்குத் தோதான அயிட்டம். ஒரு இறக்கை இரண்டு பேருக்குக் காணும்.

கேஜன் வேறு, கிரியோல் வேறா? பயணக் கையேடுகள் கிராமத்துச் சமையல் கேஜன், நகரத்துச் சமையல் கிரியோல், தக்காளி போட்டால் கிரியோல் என்று முடித்துவிடும். பாதிதான் சரி. 1755-ல் நோவா ஸ்கோஷியாப் பக்கத்திலிருந்து பிரிட்டிஷார் விரட்டத் தொடங்கிய பிரெஞ்சு அகேடியர்கள், 1760-களில் இங்கே வந்து குடியேறியவர்கள். அவர்களின் வழிவந்தவர்கள் கேஜன். நியூ ஆர்லியன்ஸில் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்கக் கைகள் சேர்ந்து உருவானது கிரியோல் சமையல். ஆனால் லஃபயெட்டைச் சுற்றிய கிராமங்களில் பிரெஞ்சு பேசிவந்த கறுப்பினக் கிரியோல் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்கள் சட்டியும் கேஜன் சட்டியும் ஒரே அடுப்பில் புழங்கியவை. சாப்பிடப் போகிறவருக்குத் தேவையான வித்தியாசம் ஒன்றுதான்: அரிசியும் இறைச்சியும் ஒன்றாக வேகும் ஜம்பலாயா இங்கே பழுப்பாக வரும், நியூ ஆர்லியன்ஸில் தக்காளி போட்டுச் சிவப்பாகவும் வரும். பழுப்பில் இறைச்சி வறுத்த வாசம் அதிகம். என் ஓட்டு பழுப்புக்கு.

கம்போவை முதல்முறை கிண்ணமாக வாங்காதீர்கள், கப் போதும். மாவையும் எண்ணெயையும் சம அளவு எடுத்து, கை விடாமல் கிளறி, பனங்கருப்பட்டி நிறத்துக்குக் கொண்டுவருவதற்கு ரூ என்று பெயர். கம்போவின் கசப்பும் மணமும் அதிலிருந்துதான் வருகின்றன. கொஞ்சம் தீய்ந்தால் மொத்தமும் குப்பை. ரூ கறுக்கக் கறுக்கக் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும், அதனால் நல்ல கறுப்புக் கம்போ நீர்க்கவே இருக்கும். "தண்ணியா இருக்கே" என்று ஒதுக்கிவிடக் கூடாது. வெண்டைக்காய் போட்ட கம்போவும் உண்டு. வெண்டை ஆப்பிரிக்கர்களோடு வந்தது, நெடுநேரம் வெந்து வழவழப்பு அடங்கியிருக்கும். மேசையில் பச்சையாக ஒரு தூள் குப்பி இருந்தால் அது ஃபீலே, சாஸஃப்ராஸ் மர இலையைக் காயவைத்து அரைத்தது. சாக்டா பழங்குடியினரிடமிருந்து வந்த பழக்கம். கிண்ணத்தில் ஒரு சிட்டிகை தூவிக் கலக்குங்கள். கொதிக்கும்போது போட்டால் நூல் நூலாகிவிடும், அதனால்தான் அதை மேசையில் வைக்கிறார்கள். கூடவே ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட் வரும். அதைத் தனியே தின்ன வேண்டியதில்லை. அப்படியே கம்போவுக்குள் இறக்கிவிடுங்கள். குளிர்ந்த கிழங்கும் சூடான சாறும் ஒரே வாயில் போகும்போது, இத்தனை நாள் ஏன் இப்படிச் சாப்பிடவில்லை என்று தோன்றும்.

காரம் பற்றி: நம் ஆட்கள் பயந்துகொண்டு வருவார்கள், ஏமாந்து போவார்கள். இது காரச் சமையல் இல்லை. கெயென் மிளகாய், கறுப்பு மிளகு, வெள்ளை மிளகு மூன்றும் அளவோடு இருக்கும், நாக்கின் பின்பக்கம் லேசாகச் சுடும், அவ்வளவே. மேசையில் இரண்டு மிளகாய் சாஸ் குப்பிகள் இருக்கும். டபாஸ்கோ இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஏவரி தீவில் 1868 முதல் தயாராவது, புளிப்பும் சுருக்கென்ற காரமும். கிரிஸ்டல் சாந்தமானது, தாராளமாக ஊற்றலாம். கீரைக்கு கிரிஸ்டல், கம்போவுக்கு டபாஸ்கோ இரண்டே சொட்டு என்பது என் கணக்கு. கருக்கிய மீனைத் தேடி அலையாதீர்கள். சமையல் கலைஞர் பால் ப்ரூடோம் நியூ ஆர்லியன்ஸில் தன் கே-பால்ஸ் கடையில் அதைப் பிரபலமாக்கியது 1980-களில். நல்ல பண்டம்தான், ஆனால் பிளேட் லஞ்ச் கடையின் பண்டம் அல்ல.

இனி நம்மவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி. பன்றி எங்கே இருக்கிறது? எல்லாவற்றிலும். ரெட் பீன்ஸில், கொலார்ட் கீரையில், பச்சை பீன்ஸில், மாக் ஷூ என்ற சோளக் கறியில், சில சமயம் சோளரொட்டியிலும். "இதில் இறைச்சி இருக்கா?" என்று கேட்டால் "இல்லை, பேபி" என்று மனசாட்சியோடு பதில் வரும். அவர்கள் கணக்கில் ஹாம் துண்டு இறைச்சி அல்ல, தாளிப்பு. ஆகவே பெயர் சொல்லிக் கேளுங்கள்: "பன்றி, ஹாம், பேக்கன், டாஸோ, சாஸேஜ், ஏதாவது போட்டிருக்கா?" டாஸோ என்பது மசாலா தடவிப் புகையில் உலர்த்திய பன்றித் தோள். பக்கத்தில் பழுப்புச் சோறாக ரைஸ் டிரெஸ்ஸிங் என்று வைத்தால் அதில் ஈரலும் கொத்திய இறைச்சியும் இருக்கும். கிரேவியும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றி. மாடு மட்டும் தவிர்ப்பவர்களுக்குச் சிரமமே இல்லை, கோழி ஸ்ட்யூவோ கெளுத்தியோ வான்கோழியோ அநேகமாக ஏதாவது ஒன்று இருக்கும்.

முழு சைவர்களுக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன்: இது உங்கள் ஊர் அல்ல. என் தங்கை வந்தபோது வெள்ளைச் சோறு, சர்க்கரைவள்ளிப் பாகு, கோல்ஸ்லா, மாக்கரோனி சீஸ், ரொட்டி என்று ஒரு தட்டு தேற்றினோம். பக்கக் கறிகளை மட்டும் சேர்த்து 'வெஜிடபிள் பிளேட்' கேட்டால் விலை குறைத்துத் தருவார்கள். பொரித்த வெண்டைக்காய் அருமையாக இருக்கும், ஆனால் மீன் பொரித்த அதே எண்ணெய். எண்ணெய் பரவாயில்லை என்றால் விடாதீர்கள்.

ஓட்டோடு வேகவைத்த கிராஃபிஷ் வேறு கடை, வேறு நேரம். சீஸன் ஜனவரி வாக்கில் மெல்லத் தொடங்கி ஜூனில் அடங்கும். மார்ச்சிலிருந்து மே வரை உருப்படி பெரிது, விலை குறைவு. லஃபயெட்டுக்கு மேற்கே க்ரௌலிப் பக்கம் போனால் விஷயம் புரியும். நெல் அறுத்த அதே வயலில் இலையுதிர்காலத்தில் தண்ணீர் கட்டிவிடுவார்கள், மண்ணுக்குள் வளை தோண்டிப் பதுங்கியிருந்தவை குஞ்சுகளோடு வெளியே வரும். சோறும் அதன் மேல் ஊற்றும் எட்டுஃபேயும் ஒரே வயல். 2023-ல் மழை பொய்த்து வயல் வறண்டதால் 2024 தொடக்கத்தில் விலை எகிறிவிட்டது, எட்டிப் பார்க்க முடியவில்லை. விலை வாரத்துக்கு வாரம் மாறும், பவுண்டுக்கு எவ்வளவு என்று போன் செய்துவிட்டுப் போங்கள்.

ஆளுக்கு மூன்று பவுண்டு சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், ஓடு போக அதில் தேறுவது இருநூறு கிராம் சதைதான். காரம் மைல்ட், மீடியம், ஹாட் என்று கேட்பார்கள். இங்கே மட்டும் ஹாட் என்றால் நிஜமாகவே ஹாட். மீடியத்தில் தொடங்குங்கள். தட்டு நிறையச் சிவப்பாகக் கொட்டியதும் ஒன்றை எடுத்து, ஒரு கையில் தலை, மறு கையில் வால் பிடித்து, திருகி இழுங்கள். தலைக்குள் மஞ்சளாகக் கொழுப்பு இருக்கும், மசாலாத் தண்ணீரும் இருக்கும், உறிஞ்சிவிட வேண்டும். அதுதான் ருசி. தலையைத் தூக்கி எறிகிறவர்களைப் பார்த்தால் பக்கத்து மேசைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வாலின் முதல் இரண்டு வளையத்தை உரித்து, நுனியை நசுக்கிக்கொண்டே சதையைப் பல்லால் இழுத்தால் முழுசாக வரும். கையால் தின்பதில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணைத் தொடாதீர்கள் என்பதை மட்டும் குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம் வரை எரியும். கூட வெந்து வரும் உருளைக்கிழங்கு கிராஃபிஷைவிட இரண்டு மடங்கு காரத்தைக் குடித்திருக்கும், ஜாக்கிரதை.

சீஸன் இல்லாத மாதத்தில் மலிவான எட்டுஃபேயும் இறால் கூடையும் விற்கிறதென்றால் சரக்கு எங்கிருந்து என்று பாருங்கள். வெளிநாட்டு இறால், கிராஃபிஷ் என்றால் ஹோட்டல் அதை அறிவிக்க வேண்டும் என்று 2019 முதல் லூசியானாவில் சட்டம் உண்டு. மெனுவிலோ அறிவிப்புப் பலகையிலோ தேடிப் பாருங்கள். அமெரிக்கா இறக்குமதி செய்யும் இறாலில் சமீப வருஷங்களாக இந்தியாதான் முன்னணி, அதில் பெரும்பகுதி ஆந்திரப் பண்ணைகளில் வளர்ந்தது. பக்கத்து வளைகுடாவில் பிடித்த இறாலுக்கு இரண்டு மூன்று டாலர் அதிகம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். அந்தக் கடல் இறாலின் இனிப்பு தனி.

நியூ ஆர்லியன்ஸ் போகிறவர்களுக்கு மலிவுச் சாப்பாடு என்றால் போ பாய். 1929-ல் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, முன்பு அதே ட்ராமில் வேலை பார்த்த மார்ட்டின் சகோதரர்கள் இலவசமாகக் கொடுத்த நீள ரொட்டிச் சாப்பாடு என்பார்கள். மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு, அந்த ரொட்டி இல்லாமல் இது இல்லை. "டிரெஸ்ட்?" என்று கேட்டால் லெட்டூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் வேண்டுமா என்று அர்த்தம். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். பாதி வாங்கினால் போதும். சைவருக்கு ஒரு வழி இங்கே உண்டு: பொரித்த உருளைக்கிழங்கு போ பாய். மாட்டுக் கிரேவி வேண்டாம், சீஸ் போடுங்கள் என்று சொல்ல வேண்டும்.

பூடான் என்ற சோறும் பன்றியும் ஈரலும் அடைத்த சாஸேஜை உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை. ஐ-10 நெடுஞ்சாலையில் ஸ்காட் ஊரில் 97-ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் வரிசையாகக் கடைகள். பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். சூடாக ஒன்று வாங்கி, ஒரு முனையைக் கடித்து, தோலை நசுக்கி உள்ளே இருப்பதை வாயில் தள்ளிக்கொண்டு காரிலேயே முடித்துவிடலாம்.

காசு விஷயம். போர்டில் போட்ட விலைக்கு மேல் சுமார் பத்து சதவீதம் வரி சேரும். வரிசையில் நின்று வாங்கும் கடையில் டிப்ஸ் ஜாடியில் ஒன்றிரண்டு டாலர் போட்டால் போதும். மேசைக்கு வந்து பரிமாறினால் பதினெட்டு, இருபது சதவீதம் கொடுப்பதுதான் முறை. சில பழைய கடைகள் ரொக்கம்தான் வாங்கும், இருபது டாலர் நோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். பெரும்பாலான கடைகள் தட்டும் தெர்மாகோல் டப்பாவும் ஒரே அளவாகத்தான் போடுவார்கள், அதனால் பார்சல் என்றே வாங்கி அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள், மிச்சத்தை மூடி எடுத்து வரலாம்.

கிளம்பும்போது கல்லாவுக்குப் பக்கத்திலிருக்கும் ஃப்ரீஸரைத் திறந்து பாருங்கள். கம்போவை குவார்ட் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) டப்பாவில் உறையவைத்து விற்பார்கள். கோழி சாஸேஜ் கம்போவாக வாங்குங்கள், கடல் கம்போவின் இறால் சூடுபடுத்தினால் ரப்பராகிவிடும். வீட்டில் மெதுவாகச் சூடாக்கி, சோற்றை அன்றைக்குப் புதிதாக வடித்துக்கொள்ளுங்கள்.